பழைய உமி அடுப்பு சரிவர எரியாமைக்குக் காரணங்களும் பரிகாரங்களும்

காவேரிப் பாசனப் பிரதேசத்தில் பெரும்பாலோர்க்குப் புழுங்கலரிசியே அன்றாட உணவாகும். ஆகையால் நெல்லை ஊறவைத்து அவிக்கும் வேலை இங்கே வருஷ முழுவதும் ஏதேனும் ஒரு களத்தில் நடந்துகொண்டே இருக்கிறது. இவ்வேலைக்கு வேண்டிய எரிபொருளை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய அவசியமில்லை. நெல்லே அதைக் கொடுக்கிறது. 1000 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 200 கிலோ உமி கிடைக்கும். ஒரு கிலோ உமி முற்றும் எரிந்தால் 3000 முதல் 3500 கிலோ கலோரி வரை உஷ்ணம் தரும். ஆகவே 200 கிலோ உமியில் ஆறு லட்சம் கிலோ கலோரிக்குக் குறையாத உஷ்ணம் அடங்கியிருக்கிறது. அந்த 1000 கிலோ நெல்லை வெந்நீரில் ஊறவைத்து ஆவியில் அவிக்க, நெல்லும் நீரும் ஏறவேண்டிய சூட்டைக் கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு லட்சம் கிலோ கலோரிக்குச் சற்று அதிகமாகவே தேவைப்படும். அடுப்பிலும் பாய்லரிலும் பாதி உஷ்ணம் வீணாய்ப் போகிறதென்று வைத்துக்கொண்டாலும், அவித்த நெல்லை வெயிலில் உலர்த்தும் களத்தில் கிடைத்த உமியில் பாதிகூடச் செலவாகக் கூடாது.

இந்தக் கணக்கை ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் கமிட்டியும் மனத்தில் வைத்துக்கொள்ளுதல் நலம். தன் நெல்லை அவிக்கத் தன் உமி போதாமல் விறகு வாங்கும் களத்தில் குறைபாடு உமியில் அன்று, அடுப்பில் இருக்கிறது. ஆயினும் ஆவி குறைந்தவுடன் அடுப்பிலிருப்பவர் செய்வது என்ன? இன்னும் இரண்டு கூடை உமியைக் கொட்டுகிறார். புகை அதிகமாகிறது, ஆவி ஏறவில்லை. “இந்தப் போக உமி சரியில்லை” என்று சொல்லி மேலும் இரண்டு கூடை கொட்டுகிறார். மூச்சுத் திணறுகிறவனுக்குச் சோறு ஊட்டுவதை ஒத்தது இது. அடுப்புக்கு வேண்டியிருப்பது பெரும்பாலும் காற்றேயன்றி உமியன்று.

நம் பக்கத்தில் பல ஆண்டுகளாக உழைத்துவரும் அடுப்புகளில் பெரும்பான்மையானவை படிக் கிராதி அடுப்புகள். மேலே உமித் தொட்டி; அதன் கீழே மாடிப்படி போல் சாய்வாய் அடுக்கிய வார்ப்பிரும்புப் படிகள்; படிகளின் சந்துகள் வழியே காற்று உள்ளே புகும்; உமி தன் பாரத்தாலேயே எரிந்துகொண்டு கீழிறங்கி, சாம்பலாய் அடியிலுள்ள குழியில் விழும். அமைப்பு எளியதே. ஆனால் இவ்வடுப்பு எந்த உமிக்காகக் கட்டப்பட்டதோ அந்த உமி இப்போது வருகிறதா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். ஹல்லர் யந்திரத்தில் நெல் அரைபடும்போது உமி நொறுங்கித் தவிடும் குருணையுமாய்க் கலந்து பொடியாக வெளிவரும். ரப்பர் உருளை யந்திரத்திலோ உமி முழுதாய், தனியாய் வரும். முழு உமியின் நடுவே காற்று தாராளமாய்ச் செல்லும். பொடியுமி மாவு போல் படிந்து சந்துகளை அடைத்துவிடும். முழு உமிக்கென்று அமைத்த அடுப்பில் அண்டை ஹல்லர் உமியை வாங்கிப் போட்டுவிட்டு, அடுப்பின் மேல் குறை கூறுவது நியாயமன்று.

தஞ்சை ஜில்லா 1960-61இல் தீவிர விவசாயத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட பிறகு, நவீன அரிசி ஆலைகள் இங்கே வரலாயின. திருவாரூரில் தஞ்சாவூர்க் கூட்டுறவு விற்பனைச் சம்மேளனத்தின் நவீன ஆலையைச் சார்ந்து 1967இல் ஓர் ஆராய்ச்சிச் சாலை ஏற்பட்டது. அது 1972இல் நெல் பதன ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் டைரக்டராயிருந்த டாக்டர் வி. சுப்பிரமணியன் அங்கே வந்து பணியாற்றினார். அந்த நிலையமே பின்னர்த் தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலைக்கு மாறி, 2021 முதல் தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனம் என்று விளங்குகிறது. ஒரு கூட்டுறவு ஆலையின் முற்றத்தில் தோன்றிய ஆராய்ச்சி இது என்பதை நம் அங்கத்தினர்கள் பலர் அறியார். அடுப்பைப் பழுது பார்த்தும் குணப்படாத சங்கங்கள் அங்கே சென்று யோசனை கேட்கலாம்.

உமியின் தன்மை

விறகைப் போல் உமி எரியும் என்று எண்ணுவதே பல கோளாறுகளுக்கு மூலம். உமி சூடேறியவுடன் முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகும். அடுத்தபடியாக அதன் எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதத்துக்கு மேலான பாகம் வாயுவாய்க் கிளம்பும். நாம் காணும் சுடர் இந்த வாயு எரிவதே. கடைசியில் கரி மட்டும் நின்று தணலாய்க் கனியும். விறகுக் கரி எரிய எரிய அதன் சாம்பல் உதிர்ந்துவிடுவதால் உள்ளிருக்கும் கரிக்குக் காற்று எட்டும். உமியிலோ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அச்சாம்பலும் பெரும்பாலும் சிலிக்கா என்னும் மணற்சத்து. அது உதிர்வதில்லை. உமி எரிந்த பின்பும் உமியின் உருவத்தோடேயே கூடுபோல் நின்று, தனக்குள் இருக்கும் கரியைக் காற்றுப் படாமல் காத்துக்கொள்கிறது. இதனாலேதான் உமியைக் குவித்து வைத்தால் மேலே கனிந்தும் உள்ளே கறுத்தும் கிடக்கிறது. மெல்லிய படுகையாய்ப் பரப்புவதும், அடிக்கடி அசைத்துவிடுவதும், கீழிருந்து காற்று விடுவதும் உமிக்கு இன்றியமையாதவை. வாயு எரிவதற்குப் படுகையின் மேலே தாராளமான இடமும் இருக்க வேண்டும்.

காற்று எவ்வளவு வேண்டும் என்பதைக் கேட்டால் பலர் வியப்படைவர். ஒரு கிலோ உமி எரியக் கணக்குப்படி நான்கு கன மீட்டர் காற்று தேவை. நடைமுறையில் ஆறு கன மீட்டராவது விடவேண்டும். மணிக்கு 100 கிலோ உமி எரிக்கும் அடுப்பு அந்த ஒரு மணி நேரத்தில் 600 கன மீட்டர் காற்றை உட்கொள்கிறது. ஐந்து மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமுமுள்ள ஒரு கூடத்துக் காற்று முழுவதையும் பத்துத் தடவை இழுப்பதற்கு இது சமானம். ஐப்பசி மழையில் சாரல் அடிக்கிறதென்று அடுப்புக் கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாயும் சாக்கும் கட்டி, வருகிற காற்றை அடைத்துவிட்டு, “மழைக்காலத்தில் அடுப்பு எரியாது” என்று சொல்லும் இடங்கள் உண்டு. சாரலைத் தடுக்கத் தட்டி கட்டலாம்; ஆனால் அடியில் அரை மீட்டராவது நான்கு பக்கமும் திறந்திருக்க விட்டே கட்ட வேண்டும்.

புகையும் சாம்பலும்

வைத்தியர் நாடி பார்ப்பது போல் அடுப்புக்குப் புகையையும் சாம்பலையும் பார்க்க வேண்டும். கரும்புகை வந்தால் வாயு எரியாமல் வெளியேறுகிறது. உமி அதிகம், அல்லது காற்றுக் குறைவு. கனத்த வெண்புகை தாழ்ந்து தவழ்ந்தால் உமியில் ஈரம் மிகுந்துள்ளது. புகையே தெரியாமல் ஆவியும் மெதுவாய் ஏறினால், இரண்டிலொன்று: தேவைக்கு மேல் காற்று புகுந்து உஷ்ணத்தைப் புகைபோக்கி வழியே வாரிக்கொண்டு போகிறது, அல்லது அடுப்பு நன்றாகவே எரிகிறது, பாய்லர் குழாய்களில் வெளியே பறக்கும் சாம்பலோ உள்ளே உப்புப் படலமோ படிந்து உஷ்ணத்தை நீருக்குச் செல்லவிடாமல் தடுக்கிறது. பின்னதற்கு அடுப்பைக் கலைத்துக் கட்டுவதால் யாதொரு பயனுமில்லை. குழாய்களைத் துலக்க வேண்டும். பாய்லர் சட்டத்துக்கு உட்பட்ட கலமாயின், அதன் அழுத்த பாகங்களில் அனுமதி பெற்றவரைத் தவிர வேறு எவரும் கை வைக்கலாகாது.

சாம்பல் இன்னும் உண்மையான சாட்சி. சாம்பல் நிறமாகவோ வெண்மையாகவோ இருந்தால் எரிதல் பூரணம். கறுப்பாயிருந்தால் கரி வீணாகிறது. நம் பாட்டிமார் பல் துலக்க உமிக்கரியைப் போற்றினார்கள். ஆனால் ஆலையின் சாம்பற்குழியில் உமிக்கரி மலிந்து கிடப்பது சங்கத்தின் காசு கிடப்பதாகும். எவ்வளவு என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. குழியின் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்த, நன்றாய் ஆறிய, உலர்ந்த சாம்பலில் சரியாய் ஒரு கிலோ நிறுத்துக்கொள்ளுங்கள். அகன்ற இரும்புத் தகட்டில் மெல்லியதாய்ப் பரப்பி, கொழுந்துவிட்டெரியும் விறகுத் தீயின் மேல் வைத்து, தணல் முற்றும் அவிந்து கறுப்பு நீங்கும் வரை கிளறுங்கள். ஆறிய பின் மீண்டும் நிறுங்கள். 50 கிராம் குறைந்தால் அடுப்பு நல்ல நிலையிலிருக்கிறது. 300 கிராம் குறைந்தால், எரித்த ஒவ்வொரு 100 கிலோ உமியிலும் சுமார் எட்டரை கிலோ கரி குழியில் விழுந்திருக்கிறது; உமியின் மொத்த உஷ்ணத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதனோடு போயிற்று. இந்தச் சோதனையைப் பழுது பார்ப்பதற்கு முன்னும் பின்னும் செய்து நோட்டில் எழுதிவைத்தால், கொத்தனாருக்குக் கொடுத்த கூலி பயனளித்ததா என்பது கமிட்டிக்குத் தெரியவரும்.

எங்கே தொடங்குவது

அடுப்பு முற்றும் குளிர்ந்த ஒரு காலையில் கீழிருந்து தொடங்குதல் வேண்டும். முதலில் சாம்பற்குழி. குழி நிரம்பிக் கடைசிப் படியைத் தொட்டுவிட்டால் காற்று வரும் வழியே அடைபட்டதாகும். இதற்கு ஒரு மண்வெட்டியைத் தவிர வேறு பரிகாரம் வேண்டாம். அடுத்தபடி கிராதி. ஒவ்வொரு சந்திலும் வளைந்த கம்பியை விட்டுத் துழாவுங்கள். சூட்டில் நெளிந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த படிகளும், உடைந்து விழுந்த இடத்தில் செங்கல் வைத்து அடைத்த படிகளும் பழைய அடுப்புகளில் சாதாரணம். நெளிந்த படியை மாற்றாமல் மற்ற எதைச் செய்தாலும் பிரயோஜனம் சிறிதே. உடைந்த இடத்தில் உமி பொத்தென்று குழிக்குள் விழுந்துவிடும்; மற்ற இடங்களில் தேங்கி நிற்கும்.

கிராதியின் மேல் கல்லைப் போல் இறுகிய கட்டிகள் கிடந்தால் அவற்றைக் கவனித்துப் பாருங்கள். தூய உமிச் சாம்பல் எளிதில் உருகுவதில்லை. வைக்கோலின் சாம்பலில் சாம்பல்காரம் மிகுதியாகையால் அது குறைந்த சூட்டிலேயே இளகி ஒட்டிக்கொள்ளும். ஆகவே கட்டி கண்டால், உமியோடு வைக்கோலோ களத்து மண்ணோ கலந்து வந்திருக்கிறதென்று பெரும்பாலும் ஊகிக்கலாம். உமியைக் களத்து மூலையில் வெறுந்தரையில் கொட்டி வாரும் வழக்கத்தை விடுவதே இதற்கு மருந்து.

பிறகு புகைபோக்கி. உமிச் சாம்பல் மிக லேசானது; சுடரோடு பறந்து சென்று, புகைவழி திரும்பும் மூலையிலும் புகைபோக்கியின் அடியிலும் மெத்தை போல் படியும். அடியிலுள்ள துப்புரவுக் கதவைத் திறந்து வாரவேண்டும். பல இடங்களில் இக்கதவு பூச்சுக்குள் மறைந்துபோய், அப்படியொன்று உண்டென்பதே இப்போதுள்ளவர்களுக்குத் தெரிவதில்லை. அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். தகரப் புகைபோக்கியில் துருப்பிடித்துத் துளை விழுந்திருந்தால், அதன் வழியே குளிர்ந்த காற்று புகுந்து இழுப்பைக் கெடுக்கும். இழுப்பு இருக்கிறதா என்பதை அறிய ஓர் ஊதுவத்தி போதும். சிறிது காகிதத்தை உள்ளே கொளுத்திப் புகைபோக்கியைச் சூடாக்கிவிட்டு, கிராதியின் எதிரே வத்தியைப் பிடித்தால் புகை உள்நோக்கிச் சாயவேண்டும். நேராய் நின்றால் வழியில் அடைப்பு உண்டு. அதே வத்தியைச் சுவரின் வெடிப்புகள், கதவின் விளிம்பு, பாய்லரும் செங்கற்சுவரும் கூடும் இடம் ஆகியவற்றின் அருகே கொண்டுபோங்கள். அங்கே புகை உறிஞ்சப்பட்டால் கள்ளக் காற்று புகுகிறது. படுகைக்கு மேலே புகும் இந்தக் காற்று தணலுக்கு உதவாமல் சுடரைக் குளிர்விக்கிறது. களிமண்ணோடு மணலும் அரித்த சாம்பலும் சேர்த்துப் பிசைந்து வெடிப்புகளை அடைக்கலாம். சுடர் நேரே தாக்கும் இடங்களுக்குச் சூளைக்கல்லும் அதற்குரிய மண்ணும் தேவை.

இவ்வளவும் செய்தபின்பே உமியைச் சந்தேகிக்க வேண்டும். குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு மோதுகிறது. நெல்லும் நனைகிறது, வெளியில் குவித்த உமியும் நனைகிறது. ஒரு கிலோ ஈரத்தை ஆவியாக்கவே சுமார் 600 கிலோ கலோரி செலவாகும். அதைவிடப் பெரிய தொல்லை, ஈர உமி தொட்டியில் வழுக்கி இறங்காமல் கூரை கட்டிக்கொண்டு நிற்பது. அடியில் இருந்த உமி எரிந்து தீர, கிராதி வெறுமையாகி, குளிர்காற்று குபுகுபுவென்று புகும். பிறகு கூரை இடிந்து எல்லாம் ஒருமிக்க விழுந்து நெருப்பை அமுக்கும். ஆவி ஏறுவதும் இறங்குவதுமாய் அலைந்தால் தொட்டியைப் பாருங்கள். ஒரு வார எரிப்புக்கு வேண்டிய உமியையாவது கூரையின் கீழ் வைத்துக்கொள்ள இடம் செய்வது, புது அடுப்புக் கட்டுவதைவிடச் சிக்கனம்.

மின்சார ஊதுகாற்று யந்திரம் வைத்திருக்கும் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. அடுப்பு மந்தமானால் காற்றை முழுவதும் திறந்துவிடுவது எளிது. உமி அரைகுறையாய் எரிந்து பறந்து, அண்டை வீட்டுக் கொடியில் உலரும் துணியின் மேலும் கிணற்றிலும் தெருவில் நடப்போர் கண்ணிலும் விழுவதும் அவ்வளவு எளிதே. ஆலைகளின் மேல் ஊரார் கொள்ளும் மனஸ்தாபத்துக்கு இது ஒரு பெருங்காரணம். காற்றைக் கூட்டுவதானால் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் கால்மணி நேரம் பொறுத்துப் புகையைப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் உமி, காற்று, கதவு மூன்றையும் மாற்றினால் எதனால் குணப்பட்டது என்பது விளங்காது.

அபாயங்கள்

அரைகுறையாய் எரியும் உமி கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவை வெளியிடுகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் மயக்கமும் முதற்குறிகள். தூங்குகிறவர்க்கு அக்குறியும் தெரியாது. கார்த்திகைக் குளிரில் அடுப்பின் கணப்புக்காகக் கொட்டகையில் படுத்துக்கொள்ளும் பழக்கத்தைச் சங்கம் கண்டிப்பாய்த் தடுக்க வேண்டும்; இராக்காவலருக்கு வேறிடம் கொடுக்க வேண்டும். இன்னொன்று: ஈர உமி மூடி நெருப்பு அமுங்கியிருக்கும்போது உள்ளே எரியாத வாயு நிறைந்திருக்கும். அத்தருணத்தில் கதவைச் சட்டென்று திறந்தால் காற்றுப் பட்டதும் பக்கென்று சுடர் வெளியே பாயும். புகைபோக்கியின் தடுப்புப் பலகையை முழுதும் திறந்து, ஊதுகாற்றை நிறுத்தி, சிறிது பொறுத்து, கதவுக்கு நேரே நில்லாமல் ஒதுங்கி நின்று மெதுவாய்த் திறப்பதே முறை.

இதே இலக்கணம் சிறிய அடுப்புகளுக்கும் பொருந்தும். தகர டப்பாவில் நடுவே குழவியோ சீசாவோ நிறுத்தி உமியை அடைத்து, அதை உருவியெடுத்த துவாரத்தின் வழியே எரிக்கும் வீட்டடுப்பில், மிகத் தளர்வாய் அடைத்தால் உமி சரிந்து துவாரத்தை மூடும். மிக இறுக்கினால் கரி உள்ளேயே நிற்கும். அடியிலுள்ள வாயைச் சாம்பல் அடைக்காமல் பார்த்துக்கொண்டால் பாதிப் புகை குறையும். உமியையோ மரத்தூளையோ அழுத்திச் செய்த குச்சிக் கட்டிகளை எரிக்கும் பெல்லட் அடுப்புகளும் இப்போது நம்மிடையே வந்திருக்கின்றன. அவை பழசானபின் மந்தமாய் எரிந்தால், எரிகிண்ணத்தின் துளைகளைச் சாம்பல் அடைத்திருக்கிறதா, விசிறியின் இதழ்களில் தூசி படிந்திருக்கிறதா, கதவின் ஓரக்கயிறு நைந்திருக்கிறதா என்று மேலே சொன்ன வரிசையிலேயே பார்க்கலாம். கட்டிகள் ஈரம் பட்டு ஊதி உதிர்ந்து தூளாகியிருந்தால், உலர்த்தினாலும் பழைய நிலைக்கு வாரா. உமிக் கட்டியில் சாம்பல் மிகுதியாகையால், மரத்தூள் கட்டிக்கென்று அமைத்த அடுப்பில் அதை எரித்தால் கிண்ணத்தை நாள்தோறும் துடைக்க வேண்டிவரும்.

சாம்பலை அள்ளுகிறவர்கள் மூக்கையும் வாயையும் தக்க முகமூடியால் மூடிக்கொள்ள வேண்டும். இதற்கு வெறும் துண்டு போதாது. அதிக சூட்டில் நெடுநேரம் கிடந்த உமிச் சாம்பலில் சிலிக்கா படிகமாய் மாறுகிறது. அத்தூசியைச் சுவாசிப்பது நுரையீரலைக் கெடுக்கும்; தொழிலிடங்களில் சுவாசிக்கும் படிகச் சிலிக்காவைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களோடு சேர்த்தது. அள்ளுமுன் நீர் தெளித்துக்கொண்டால் தூசி எழாது. தணல் இருக்கும் சாம்பலை எருக்குழியிலோ வைக்கோற்போர் அருகிலோ கொட்டலாகாது. மேலே ஆறியதாய்த் தோன்றினாலும் உள்ளே இரண்டு நாள் வரை கனிந்துகொண்டிருப்பதுண்டு. வாய்க்காலில் தள்ளினால் அடுத்த முறைப்பாசனத்தில் மதகடியில் வண்டலாய் நிற்கும். கறுத்த சாம்பலை நாற்றங்காலுக்கு இடும் அங்கத்தினர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். வெண்சாம்பலைத் தனியே மூட்டை கட்டி வைத்தால் கட்டடப் பொருள் செய்வோரிடம் விலை விசாரிக்கலாம். இரண்டையும் ஒரே குழியில் கலந்துவிட்டால் எந்த வேலைக்கும் எடுத்துக்கொள்பவர் கிடைப்பது அரிது.